டிராக்டர் ஏசி காலையில் குளிர்கிறது, மதியம் குளிரவில்லை: கம்ப்ரசரைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

கல்லல் பக்கம் பழைய ஏசி கேபின் டிராக்டர் ஒன்றை வாங்கி ஓட்டும் தம்பி கேட்டது இதுதான்: காலையில் உழவுக்கு இறங்கும்போது கேபின் ஜில்லென்று இருக்கிறது, பதினொரு மணிக்கு மேல் வெறும் காற்றுதான் வருகிறது, இந்தக் கோடையிலேயே இரண்டு தடவை கேஸ் ஏற்றியாகிவிட்டது, இப்போது கேஸை அழுத்திச் சுற்ற விடும் கம்ப்ரசரையே மாற்றச் சொல்கிறார்கள், மாற்றலாமா?

இப்போதைக்கு மாற்றாதீர்கள் தம்பி. நீங்கள் சொன்ன விவரத்திலேயே பாதிப் பதில் இருக்கிறது. கம்ப்ரசர் உள்ளே தேய்ந்திருந்தால் காலையிலேயே தடுமாறும், வண்டி ஐடிலில் நிற்கும்போது நன்றாகவே தெரியும். காலையில் நன்றாகக் குளிர்ந்து வெயில் ஏறினால் படுத்துக்கொள்கிற ஏசி என்றால் நம் பக்கத்தில் முதல் சந்தேகம் கண்டென்சர் மேல்தான். அதற்கு அடுத்துதான் மற்றதெல்லாம். கேஸ் கடைசியில் வர வேண்டிய விஷயம், ஆனால் எல்லாரும் அதில்தான் தொடங்குகிறார்கள். கேஸ் டீசல் மாதிரி எரிந்து தீர்கிற பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது அது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது, கசிவை அடைக்காமல் ஏற்றினால் ஏற்றிய காசு காற்றோடு போகும். குறையாமலேயே ஏற்றினால் அதைவிட மோசம், அதைப் பிறகு சொல்கிறேன்.

ஏசி குளிரை உண்டாக்குவதில்லை, கேபினுக்குள் இருக்கும் சூட்டை அள்ளி வெளியே கொட்டுகிறது. கிணற்றில் எவ்வளவு வேகமாக இறைத்தாலும் வாய்க்கால் அடைத்திருந்தால் தண்ணீர் வயலுக்குப் போகாது இல்லையா, அப்படித்தான் இதுவும். கொட்டுகிற இடம் கண்டென்சர். சில மாடல்களில் ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும், சிலவற்றில் கேபின் கூரை மேல் இருக்கும். சித்திரையில் காரைக்குடி வெயில் 40 டிகிரியைத் தொடும்போது, அந்த 40 டிகிரிக் காற்றுக்குத்தான் கண்டென்சர் தன் சூட்டைக் கொடுத்தாக வேண்டும். அப்படியென்றால் உள்ளே இருக்கும் கேஸ் 55, 60 டிகிரியிலாவது இருக்க வேண்டும். நம் டிராக்டர்களில் பெரும்பாலும் இருப்பது ஆர்134ஏ கேஸ், அது 60 டிகிரியில் திரவமாக மாற ஏறக்குறைய 230 பிஎஸ்ஐ அழுத்தம் வேண்டும். கண்டென்சர் புழுதியால் அடைத்துப்போய் 70 டிகிரிக்குப் போனால் அழுத்தம் 290க்கு ஏறும். இன்னும் ஏறினால் பிரஷர் சுவிட்ச் கம்ப்ரசரை நிறுத்திவிடும். காலையில் வெளிக்காற்று 27, 28 டிகிரி இருக்கும்போது பாதி அடைத்த கண்டென்சரே சமாளித்துவிடும், அதனால்தான் உங்களுக்குக் காலையில் குறை தெரியவில்லை.

இதைச் சோதிக்க ஒரு பைசா செலவில்லை. மதியம் ஏசி கைவிடும் நேரத்தில் வண்டியை நிழலில் நிறுத்தி, எஞ்சினை 1,500 ஆர்பிஎம் அளவில் ஓட விட்டு, ஏசியை முழுக்கப் போட்டு, காற்று வரும் துவாரத்தில் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டரைச் செருகி வையுங்கள். ஐந்து நிமிடம் கழித்து எவ்வளவு காட்டுகிறது என்று பார்த்துக்கொண்டு, கண்டென்சர் மேல் மட்டும் கைத்தெளிப்பானால் பூத்தூறலாகத் தண்ணீர் அடியுங்கள். களைக்கொல்லி அடித்த தெளிப்பான் வேண்டாம். சூடான எஞ்சின் மேல் வாளித் தண்ணீரை ஊற்றவும் வேண்டாம். முக்கியமாக, வேட்டியும் தோள் துண்டுமாக ஓடுகிற ஃபேன் பக்கம் போகாதீர்கள், துண்டு நுனி மாட்டினால் போதும். தண்ணீர் பட்டதும் இரண்டு மூன்று நிமிடத்தில் துவாரத்துக் காற்று சரசரவென்று குளிர்ந்தால், கம்ப்ரசர் நன்றாக இருக்கிறது, சூட்டைக் கொட்டும் இடத்தில்தான் கோளாறு என்று அர்த்தம். கண்டென்சர் அடைப்பு, கேஸ் அதிகம், கேஸோடு காற்றும் கலந்திருப்பது, ஃபேன் பலம் குறைந்தது, இந்த நான்கில் ஒன்று. தண்ணீர் அடித்தும் ஒன்றுமே மாறவில்லை என்றால் வேறு இடத்தில் தேட வேண்டும்.

கண்டென்சரைக் கழுவிவிட்டேன் என்று பலர் சொல்வார்கள். முன்பக்கம் பார்த்தால் பளிச்சென்று இருக்கும். கழற்றிப் பார்த்தால் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் மெத்தை மாதிரி ஒரு அடுக்கு அப்பியிருக்கும். நம் செம்மண் புழுதி சாதாரணப் புழுதி இல்லை, மாவு மாதிரி நைசானது. அதோடு கோடையில் கண்மாய் வண்டல் அள்ளப் போன தூசி, டெல்டா பக்கம் வைக்கோல் கட்டப் போன வண்டி என்றால் வைக்கோல் துகள், புதுவயல் மில்லுக்கு நெல் ஏற்றிப் போகிற வண்டி என்றால் உமித் தூசி, எல்லாம் சேரும். எங்காவது எண்ணெய்க் கசிவும் இருந்துவிட்டால் பசை போட்டு ஒட்டினது போல் ஆகிவிடும். முன்பக்கத்திலிருந்து ஏர் அடித்தால் அந்த அடுக்கு இன்னும் உள்ளேதான் போய் அடையும். காற்று எந்தத் திசையில் உள்ளே போகிறதோ அதற்கு எதிர்த்திசையில், அதாவது ரேடியேட்டர் பக்கத்திலிருந்து முன்பக்கம் நோக்கி ஏர் அடிக்க வேண்டும். பல மாடல்களில் கண்டென்சர் இரண்டு போல்ட்டில் நிற்கிறது, அல்லது கீல் மாதிரி திறக்கும், குழாயைக் கழற்றாமலேயே முன்னால் இழுத்து இடைவெளியைத் துடைக்கலாம். இழுக்கும்போது குழாய் மடங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஏர், பிறகு தண்ணீர். காய்ந்த புழுதியில் தண்ணீரை அடித்தால் சேறாகி உள்ளே காய்ந்துவிடும், அப்புறம் எடுப்பது பெரும் பாடு. எண்ணெய்ப் பசை இருந்தால் அலுமினியத்தை அரிக்காத காயில் கிளீனரோ, ஷாம்பு கரைத்த தண்ணீரோ போட்டுப் பத்து நிமிடம் ஊற விடுங்கள். காஸ்டிக் சோடா கலந்த எதுவும் வேண்டாம், அலுமினியத் தகடுகளைத் தின்றுவிடும். வாட்டர் சர்வீஸ் கடையில் பிரஷர் கன்னை நேராக அருகில் வைத்து அடித்தால் தகடுகள் சாய்ந்து படுத்துக்கொள்ளும், அப்படிப் படுத்த கண்டென்சரில் காற்று போகாது, கழுவாமல் இருந்ததைவிடக் கேடு. சாதாரணக் குழாய்த் தண்ணீர் போதும். உழவு சீசனில் தினமும் சாயங்காலம் ஏர் அடிப்பது நல்லது, ஏர் ஃபில்டரைத் தட்டும் அதே நேரத்தில் இதையும் செய்துவிடலாம்.

ஃபேன் பெல்ட்டையும் அப்போதே பாருங்கள். வழவழவென்று பளபளத்துப்போன பெல்ட், அழுத்தினால் தளதளவென்று ஆடும் பெல்ட் இரண்டும் மதிய நேரத்து ஏசிக்கு எதிரி.

இனி கேபினுக்குள் வருவோம். இங்கே இரண்டு விஷயத்தைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்: காற்று நிறைய வந்து குளிர் இல்லையா, அல்லது குளிர் இருந்து காற்றே வரவில்லையா? புளோயரை நான்காம் நம்பரில் வைத்தாலும் பெருமூச்சு மாதிரிதான் காற்று வருகிறது என்றால் ஃபில்டர்தான். கேபினில் பெரும்பாலும் இரண்டு ஃபில்டர் இருக்கும், வெளிக்காற்றை வடிகட்டுவது ஒன்று, உள்காற்றைத் திரும்ப இழுக்கும் இடத்தில் ஒன்று. பழைய வண்டி வாங்கியவர்களுக்கு இரண்டாவது ஒன்று இருப்பதே தெரியாது. பேப்பர் ஃபில்டரைத் தண்ணீரில் கழுவாதீர்கள், உள்பக்கத்திலிருந்து மெதுவாக ஏர் அடியுங்கள், கறுத்து இறுகிப்போயிருந்தால் புதிதாகப் போடுங்கள். மருந்து அடிக்கும் வேலைக்குப் போன வண்டி என்றால் ஏர் அடிக்கிற வேலையே வேண்டாம், தூசியோடு மருந்தும் முகத்தில் அடிக்கும், நேராக மாற்றிவிடுங்கள்.

ஃபில்டரைக் கழற்றி எறிந்துவிட்டால் காற்று நன்றாக வருகிறது என்று சிலர் அப்படியே ஓட்டுகிறார்கள். நான் பார்த்த வண்டிகளில் மனதுக்குக் கஷ்டமாக இருப்பது இதுதான். கேபின் காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருளான கூலிங் காயில் எப்போதும் ஈரமாக இருக்கும், அதில் செம்மண் நேராகப் போய்ப் படிந்தால் சுவர் பூசின மாதிரி ஆகிவிடும், கூரையைப் பிரித்துக் காயிலை இறக்கிக் கழுவ ஒரு முழு நாள் வேலை. ஃபில்டர் விலை அந்தக் கூலியில் ஒரு சிறு பங்குதான்.

தலைக்கு மேலிருந்து தண்ணீர் சொட்டுகிறதா? வடிகால் குழாய் அடைத்திருக்கிறது. கேபின் தூண் வழியாகக் கீழே இறங்கும் மெல்லிய ரப்பர் குழாய் அது, நுனியில் மண் அடைத்திருக்கும், அல்லது குளவி கூடு கட்டியிருக்கும். கீழிருந்து மெதுவாக ஊதினால் திறந்துகொள்ளும்.

இன்னொரு வகை இருக்கிறது, அதை உங்கள் பிரச்சினையோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். முதல் ஒரு மணி நேரம் அருமையாகக் குளிர்ந்து, பிறகு காற்றின் அளவே குறைந்துகொண்டு வந்து, ஏசியை அணைத்து இருபது நிமிடம் புளோயரை மட்டும் ஓட விட்டால் மறுபடி சரியாகிவிடும், கீழே தண்ணீரும் நிறைய ஓடும். இது கூலிங் காயில் ஐஸ் கட்டுவது. தெர்மோஸ்டாட் கம்பி காயிலிலிருந்து நழுவியிருக்கும், அல்லது ஃபில்டர் அடைத்திருக்கும், சில சமயம் கேஸ் சற்றுக் குறைந்தாலும் இப்படி வரும். உங்களுக்குக் காற்று அதே வேகத்தில் வந்து சூடாக வருகிறது என்றால் இது இல்லை.

ஹீட்டர் உள்ள கேபின் என்றால் ஒரு விஷயத்தை அவசியம் பாருங்கள், மெக்கானிக்குகளே தவறவிடுவது இது. எஞ்சினின் வெந்நீர் இரண்டு ரப்பர் குழாய் வழியாக கேபினுக்குள் போய் ஹீட்டர் காயிலில் சுற்றித் திரும்பும். அந்தக் காயில் கூலிங் காயிலோடு ஒரே பெட்டிக்குள் இருக்கிறது. இடையில் இருக்கும் வால்வு முழுதாக மூடவில்லை என்றால், ஒரு பக்கம் ஏசி குளிர்விக்க, மறுபக்கம் 80, 90 டிகிரி வெந்நீர் அதைச் சூடாக்கிக்கொண்டே இருக்கும். காலையில் எஞ்சின் சூடாகாத நேரத்தில் நன்றாக இருந்து, எஞ்சின் சூடு பிடித்ததும் கெட்டுப்போகும், அதனால் உங்கள் வண்டிக்கும் இது பொருந்த வாய்ப்பு இருக்கிறது. வித்தியாசம் என்னவென்றால், வால்வுக் கோளாறு என்றால் வெயில் ஏறும்வரை காத்திருக்காது, ஓட்ட ஆரம்பித்து அரை மணி நேரத்திலேயே தெரிந்துவிடும். சோதிக்க, ஏசி கொஞ்ச நேரம் ஓடியபின் எஞ்சினை அணைத்துவிட்டு இரண்டு குழாயையும் தொட்டுப் பாருங்கள், இரண்டும் கை வைக்க முடியாமல் கொதித்தால் வெந்நீர் ஓடுகிறது. நம் ஊரில் ஹீட்டர் எதற்கு, மார்கழிப் பனியில்கூட யாரும் போடுவதில்லை. சில வண்டிகளில் எஞ்சின் பக்கமே ஒரு திருகு குழாய் இருக்கும், அதை மூடிவிட்டால் போதும். இல்லாவிட்டால் வால்வை மாற்றுங்கள், அல்லது நடுவில் ஒரு நல்ல பால் வால்வு போடச் சொல்லுங்கள்.

கேபின் ஓட்டைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஹைட்ராலிக் லீவர், பிடிஓ லீவர், பெடல் எல்லாம் தரையைத் துளைத்து வரும் இடத்தில் ரப்பர் உறை இருக்கும், பழைய வண்டியில் அது கிழிந்து போயிருக்கும். கியர் பாக்ஸ் சூடும் எஞ்சின் சூடும் அதன் வழியாகத்தான் காலடியில் ஏறுகிறது. பின்கண்ணாடி வழியாக வைக்கோல் கட்டும் மெஷினுக்கு ஒயர் இழுத்துவிட்டு, கண்ணாடியைச் சாத்தாமல் அரை அங்குலம் திறந்தபடியே ஓட்டுகிறார்கள், அந்த இடைவெளி போதும் கேபினைக் கெடுக்க. ரப்பர் உறை, கதவு பீடிங், ஒயர் துவாரத்துக்கு ஒரு ஸ்பாஞ்ச், இவ்வளவுதான் செலவு. நான்கு பக்கமும் கண்ணாடி போட்ட பெட்டி அது, வெயிலில் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போய்த் திரும்பினால் உள்ளே வெந்துபோகும். ஏறியதும் கதவைத் திறந்து வைத்து இரண்டு நிமிடம் புளோயரை ஓட விட்டு, பிறகு மூடி, உள்காற்றுச் சுழற்சியில் போடுங்கள். புளியமரத்து நிழலில் நிறுத்தினால் இன்னும் நல்லது.

இப்போது கம்ப்ரசர். அதன் முன்னால் இருக்கும் காந்தக் கிளட்ச் தட்டு, பெல்ட் ஓட்டும் சக்கரமான புல்லியோடு சேர்ந்து சுற்றுகிறதா என்று மதியம் ஏசி சூடாக வரும் நேரத்தில் பாருங்கள், காலையில் பார்த்துப் பயனில்லை. புல்லி சுற்றுகிறது, தட்டு நிற்கிறது என்றால் மின்சாரம் வரவில்லை, அல்லது கிளட்ச் பிடிக்கவில்லை. தட்டுக்கும் புல்லிக்கும் இடைவெளி அரை மில்லிமீட்டர் அளவில்தான் இருக்க வேண்டும். தேய்ந்து அது கூடிவிட்டால், கிளட்ச் காயில் சூடானதும் காந்தம் பலம் குறைந்து தட்டை இழுக்காது, ஆறினால் மறுபடி பிடிக்கும். உள்ளே இருக்கும் மெல்லிய ஷிம் வளையம் ஒன்றை எடுத்தால் பல கம்ப்ரசர்களில் சரியாகிவிடும். கிளட்ச் கனெக்டரில் மல்டிமீட்டர் வைத்தால் ஓடும்போது 13 வோல்ட் பக்கம் வர வேண்டும், 11க்குக் கீழே இருந்தால் ஒயரிலோ ரிலேயிலோ பச்சை பிடித்திருக்கிறது. ஷெட்டில் வைக்கோல் போருக்குப் பக்கத்தில் நிற்கிற வண்டி என்றால் எலி கடித்த ஒயரையும் தேடுங்கள். இத்தனையும் பார்க்காமல் கம்ப்ரசர் போச்சு என்று சொல்வது நியாயமில்லை.

சரி, கேஸ். இதற்கு அழுத்தம் பார்க்கும் கேஜ் செட் வைத்திருப்பவர் வேண்டும், ஆனால் எண்ணை நீங்களும் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள். 35 டிகிரி வெயிலில் ஏசி முழுக்க ஓடும்போது லோ சைடு (கம்ப்ரசர் கேஸை இழுக்கும் பக்கம்) 25 முதல் 45 பிஎஸ்ஐக்குள், ஹை சைடு (அழுத்தித் தள்ளும் பக்கம்) 200 முதல் 250 வாக்கில் இருந்தால் ஆரோக்கியம். இரண்டும் குறைவு என்றால் கேஸ் குறைவு. லோ அதிகமாகவும் ஹை குறைவாகவும் இருந்து, ஆர்பிஎம் ஏற்றியும் இரண்டும் நெருங்கியே நின்றால்தான் கம்ப்ரசர் மேல் சந்தேகப்படலாம். லோ பூஜ்யத்துக்குக் கீழே வாக்கத்துக்கு, அதாவது வெற்றிடத்துக்குப் போனால் கூலிங் காயிலுக்குள் கேஸை அளந்து விடும் எக்ஸ்பான்ஷன் வால்விலோ ஈரத்தை உறிஞ்சும் டிரையரிலோ அடைப்பு. அது விட்டுவிட்டு வந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது, வால்வின் ஊசித்துளையில் ஐஸாகி அடைத்து, கரைந்து, மறுபடி அடைக்கிறது. இரண்டும் அதிகம் என்றால் கண்டென்சர் அடைப்பு, அல்லது கேஸ் அளவுக்கு மீறி இருக்கிறது, அல்லது காற்று கலந்திருக்கிறது.

உங்கள் வண்டியில் இரண்டு தடவை ஏற்றியிருக்கிறார்கள், அதனால் கடைசியாகச் சொன்ன இரண்டும் எனக்குப் பலமான சந்தேகம். ஏற்றும் முன் வாக்கம் போட்டார்களா, எடை போட்டு ஏற்றினார்களா என்று கேளுங்கள். கேபினிலோ பானெட்டுக்குக் கீழோ ஒரு ஸ்டிக்கரில் எத்தனை கிராம் என்று எழுதியிருக்கும், அதற்கு மேல் நூறு இருநூறு கிராம் போனாலே மதியம் ஹை சைடு எகிறும். காற்று கலந்ததைக் கண்டுபிடிக்க எளிய வழி: ராத்திரி முழுக்க வண்டியை ஓட்டாமல், காலையில் ஸ்டார்ட் செய்யும் முன்பே கேஜை மாட்டுங்கள். சுத்தமான ஆர்134ஏ என்றால் அழுத்தம் வெளிக்காற்றின் சூட்டைப் பொறுத்து மட்டுமே இருக்கும், 25 டிகிரியில் 82 பிஎஸ்ஐ வாக்கில், 30 டிகிரியில் 97 வாக்கில். அதைவிட நன்றாகக் கூடுதலாகக் காட்டினால் உள்ளே காற்றோ வேறு ஏதோ கேஸோ கலந்திருக்கிறது. இந்த நிலையில் மேலும் ஏற்றுவதால் ஒரு லாபமும் இல்லை, முழுவதையும் மெஷினில் இறக்கி எடுத்துவிட்டுப் புதிதாக ஆரம்பிக்க வேண்டும். அப்படியே காற்றில் திறந்து விடச் சொல்லாதீர்கள், ஒரு கிலோ ஆர்134ஏ வெளியே போனால் பூமியைச் சூடாக்குவதில் ஏறக்குறைய 1,400 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம், போதாததற்குக் கையில் பட்டால் தோல் உறைந்து புண்ணாகும்.

விலை குறைவு என்று சமையல் கேஸ் வகையை ஏற்றிக்கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். தயவு செய்து வேண்டாம். அது தீப்பிடிக்கும் கேஸ், சுற்றிலும் வைக்கோல், நடுவில் பூட்டிய கேபினில் நீங்கள். லீக்கை அடைக்கும் திரவம் என்று டப்பாவில் விற்பதையும் உள்ளே விடாதீர்கள், வால்வை அடைத்துவிடும்.

உண்மையிலேயே கசிவு இருந்தால் செம்மண் நமக்கு ஒரு உதவி செய்கிறது. கேஸோடு கொஞ்சம் எண்ணெயும் கசியும், அந்த இடத்தில் புழுதி ஒட்டிக் கறுஞ்சிவப்பாகத் திட்டுப் போட்டிருக்கும். குழாய் ஜாயின்ட்டுகள், கம்ப்ரசர் முன்பக்க சீல், பானெட்டில் உரசுகிற ஹோஸ், சர்வீஸ் வால்வு மூடிக்குக் கீழே, இந்த இடங்களை டார்ச் அடித்துப் பாருங்கள். சோப்பு நுரை வைத்தால் பெரிய கசிவு காட்டிக்கொடுக்கும், சின்னதுக்கு நைட்ரஜன் ஏற்றி நிறுத்திப் பார்க்க வேண்டும். லைனைத் திறந்தால் ஓ ரிங்குகளையும் டிரையரையும் புதிதாகப் போட்டுவிடுங்கள், அரை மணி நேரத்துக்குக் குறையாமல் வாக்கம் இழுத்து, பம்பை நிறுத்தியபின் முள் கால் மணி நேரம் அசையாமல் நிற்கிறதா என்று கூடவே நின்று பாருங்கள். முள் ஏறினால் கேஸ் ஏற்ற விடாதீர்கள்.

நம் பக்கம் வானம் பார்த்த பூமி, டிராக்டர் மாதக் கணக்கில் சும்மா நிற்கும். அப்படி நிற்கும்போது கம்ப்ரசர் சீல் எண்ணெய் இல்லாமல் காய்ந்துதான் கசிய ஆரம்பிக்கிறது. மழைக்காலமானாலும் வாரத்துக்கு ஒருமுறை வண்டியை ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஏசியை ஓட்டுங்கள்.

நாளைக்கு மதியம் தண்ணீர்ச் சோதனையைச் செய்து, வெளிச்சூடு எவ்வளவு, துவாரத்தில் தண்ணீருக்கு முன்னும் பின்னும் எவ்வளவு, காலையில் ஓட்டுவதற்கு முன் கேஜ் எவ்வளவு காட்டியது என்ற விவரங்களை எழுதுங்கள் தம்பி, வண்டி மாடலும் ஸ்டிக்கரில் உள்ள கிராம் கணக்கும் சேர்த்து. அதுவரை கம்ப்ரசருக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.